ரௌட்டரில் கட்டிய சிவப்பு அட்டை

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்பு அட்டை இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். மேலே ஒரு துளை, துளையில் ஒரு முழம் சணல் கயிறு. ‘இயக்காதே’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே நான்கு கோடுகள்: என்ன வேலை, கட்டியவர், கட்டிய நேரம், அவிழ்த்த நேரம். நான்கையும் நானே நிரப்பியிருக்கிறேன். ‘என்ன வேலை’ என்ற இடத்தில் ‘நெட்வொர்க் கார்டு மாற்றம்’ என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து அழகாகவே இருக்கிறது. எனக்கு எப்போதும் அழகான கையெழுத்து.

நான் கடலோரத்தில் ஒரு அணுமின் நிலையத்தில் பம்பு பராமரிப்புப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். எங்கள் பிரிவில் சாமி கும்பிடுகிறவன், கும்பிடாதவன் எல்லோரும் ஒரே மாதிரி மதிக்கிற ஒன்று உண்டு என்றால் அது இந்த அட்டைதான். ஒரு மெஷினில் கை வைப்பதற்கு முன் அதன் சுவிட்சை அணைத்து, அட்டையை எழுதி அதில் கட்ட வேண்டும். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். மேலதிகாரி வந்தாலும் தொடக் கூடாது. ஏனென்றால் எங்கேயோ உள்ளே ஒருவனுடைய கை இருக்கிறது. இவ்வளவுதான் விதி.

ஆபீஸ் விதியை ஆபீஸோடு விட்டிருக்கலாம். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்து மின்விசிறியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெயினை அணைத்திருந்தேன். சமையலறையில் இருந்த என் மனைவி, கரண்ட் போயிருக்கிறது போல என்று நினைத்துப் போய்ப் பார்த்து மெயினைத் தூக்கிவிட்டாள். நான் ஸ்டூலிலிருந்து விழுந்தேன். பெரிய அடி ஒன்றும் இல்லை, இடது கை இரண்டு நாள் மரத்துப்போயிருந்தது. ஆனால் நான் போட்ட கூச்சலில் எதிர் பிளாக்கில் ஜன்னல் திறந்தது. மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் முன்னாலேயே, “உனக்கு அறிவு இருக்கா? நான் செத்திருந்தா?” என்று கத்தினேன். மனைவி ஸ்டூலை நிமிர்த்தி வைத்தாள். மறுநாள் ஸ்டோரில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய அட்டைகளில் ஒரு கட்டு வாங்கி வந்து பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். அன்று முதல் எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். கிரைண்டரானாலும் சரி, மோட்டாரானாலும் சரி, அட்டை தொங்கினால் அவள் கிட்டே போக மாட்டாள்.

மகளுக்கு அது விளையாட்டாகிப் போனது. உப்புமா பிடிக்காத நாளில் உப்புமா சட்டியின் காதில் ஒரு அட்டை தொங்கும். ‘என்ன வேலை: பூரி செய்யவும்’ என்று எழுதியிருப்பாள். பரீட்சைக்கு முன்னால் டிவி சுவிட்சில் நான் ஒன்று கட்டுவேன். அதையும் அவள் தொட மாட்டாள். விளையாடினாலும் விதியை மீறியதில்லை, என்னைப் போலவே.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது முதல் கம்ப்யூட்டரைச் சென்னை ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்தோம். கடைக்காரன் பூட்டிக் கொடுத்ததை வாங்குவதில் என்ன இருக்கிறது என்பது என் கட்சி. பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில். கொளவாய் ஏரி தாண்டும்போது மடியில் மதர்போர்டு பெட்டியை வைத்துக்கொண்டு அவள் தூங்கிவிடுவாள். கடல் காற்று உப்புக்கு எங்கள் ஊரில் எந்தச் செம்பும் தங்காது. ஆறு மாதத்தில் கார்டுகளின் சொருகும் ஓரத்துப் பல்லில் பச்சை படிந்து மெஷின் படுத்துவிடும். கார்டைப் பிடுங்கி, பென்சில் ரப்பரால் பல்லைத் தேய்த்து மறுபடி சொருகினால் எழுந்துவிடும். அதை அவளுக்கு நான் காட்டிக் கொடுத்தேன். பிறகு எனக்கு அவள் காட்டிக் கொடுத்தவை ஏராளம். பத்தொன்பது வயதில் என்னைவிட அவளுக்கு அதிகம் தெரிந்திருந்தது. எனக்கு அதில் கர்வம்தான், பொறாமை இல்லை. இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

படித்து முடித்ததும் மாமல்லபுரம் சாலையிலேயே ஒரு ஐடி ஆபீஸில் வேலை. இரண்டாவது வருஷம், கூட வேலை பார்க்கும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். வேறு சாதி. நான் என்னை முற்போக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவன். யூனியன் கூட்டத்தில் மைக் பிடித்தவன். வீட்டுக்குள் வந்ததும் அந்த மைக் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. நான்கு மாதம் பேசாமல் இருந்தேன். செங்கல்பட்டில் அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, எனக்கு வார விடுமுறை, வேறொருவன் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். மனைவி மட்டும் பஸ் ஏறிப் போய் வந்தாள். மாலையில் ஜாக்கெட்டில் மஞ்சள் கறையோடு வந்து நின்று, “நல்லா நடந்துச்சு” என்றாள். நான் பேப்பரைப் புரட்டினேன். அடுத்த வருஷம் இருவரும் அமெரிக்கா போனார்கள். விமான நிலையத்துக்கும் நான் போகவில்லை.

மூன்று வருஷம் இப்படியே போயிற்று. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மகள் இன்டர்நெட்டில் வருவாள். கூடத்தில் கம்ப்யூட்டர் முன் மனைவி உட்கார்வாள், தலை வாரி, பொட்டு வைத்து, அந்தச் சின்ன கேமராவுக்கு எதிரே போட்டோவுக்கு உட்கார்கிறவளைப் போல நிமிர்ந்து. நான் சமையலறையில் பேப்பரோடு உட்கார்வேன். அங்கிருந்து எல்லாம் கேட்கும். அவளுக்குச் சளி பிடித்தால் எனக்குத் தெரியும், அவன் வேலை மாறினால் எனக்குத் தெரியும். பேப்பரில் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படிப்பேன்.

படம்தான் பெரிய பேஜார். நடுவில் அப்படியே நின்றுவிடும். “வாயத் தொறந்த மேனிக்கு நிக்கறாங்க” என்பாள் மனைவி என் பக்கம் திரும்பி. “கண்ணு பாதி மூடியிருக்கு. பாக்கவே பயமா இருக்கு.” பத்து நிமிஷம் கழித்து வரும், மறுபடி நிற்கும். அப்போதுதான் எங்கள் குடியிருப்புக்கு இரண்டு எம்பி இன்டர்நெட் லைன் வந்திருந்தது. லைன் ஆளை வரவழைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து ஒயரை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு, “லைன் சூப்பரா கீது சார். உன் டப்பாதான் மக்கர் பண்ணுது. மாத்திடு” என்று மோடத்தோடு கொடுத்த அந்தப் பிளாஸ்டிக் ரௌட்டரைத் தட்டினார்.

கடையில் வேறு ஒன்று வாங்கிவிடலாம். ஆனால் நான் வாங்குகிற ஆளா? பரணில் கிடந்த அந்தப் பழைய கம்ப்யூட்டரை, மகளும் நானும் சேர்த்ததை, இறக்கித் துடைத்தேன். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைப் போட்டால் அது ரௌட்டர் ஆகிவிடும். மோடத்திலிருந்து வருவதை ஒரு துளையில் வாங்கி, வீட்டுக்கு இன்னொரு துளையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய நெட்வொர்க் கார்டுகள் இரண்டைச் சொருகி ஓட்டினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கார்டு மூச்சு நின்றுபோகும். அணைத்துப் போட்டால் வரும். நல்ல கார்டு வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. “கார்டு பாக்கறார் உங்கப்பா, ரெண்டு வாரமா அதே பேச்சு” என்று ஒரு சனிக்கிழமை மனைவி மகளிடம் போகிறபோக்கில் சொன்னாள். ஸ்பீக்கரில் மகளின் குரல் நின்றது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு வந்தது: “எந்த கார்டுன்னு கேளும்மா.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பேப்பருக்குள்ளிருந்து, “ரெண்டு துளை, ஜிகாபிட். சர்வர்ல போடறது” என்றேன்.

“ரெண்டு எம்பி லைனுக்கு ரெண்டு ஜிகாபிட்டான்னு கேளு.”

“வேகத்துக்கு இல்ல, நிக்காம ஓடறதுக்குன்னு சொல்லு.”

பத்தடி தூரத்தில் நான் பேசுவது அவளுக்கும் கேட்கும், அவள் பேசுவது எனக்கும் கேட்கும். இருந்தாலும் நடுவில் மனைவி இருந்து ஒவ்வொன்றையும் எடுத்துச் சொன்னாள். புரியாததை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். அப்படி ஆறு சனிக்கிழமை நடந்தது. மகள் சொன்னாள்: ஒரு துளைக் கார்டே போதும், நல்ல சிப்பாகப் பார்த்து இரண்டு வாங்கினால் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். நான் சொன்னேன்: பழைய போர்டில் இனி சொருக இடம் ஒன்றுதான் சரியாக இருக்கிறது, மற்றதெல்லாம் துருப்பிடித்துவிட்டது. அவள் சொன்னாள்: ஒரே இடத்தில் இரண்டு ஜிகாபிட் துளை வைத்தால் இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். நான் சொன்னேன்: நம் வீட்டில் முட்டிக்கொள்ள அவ்வளவு கூட்டம் இல்லை.

இதைச் சொன்னதும் ஸ்பீக்கரில் ஒரு சிரிப்பு கேட்டது. நான் பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவளே இறங்கி வந்தாள். மலிவுக் கார்டு எல்லா வேலையையும் மெஷினின் தலையில் கட்டும், சர்வர் கார்டு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், பழைய மெஷினுக்கு அதுதான் நல்லது என்று படித்துப் பார்த்திருக்கிறாள். “அப்பா சொல்றதுதான் சரின்னு சொல்லும்மா” என்றாள். மனைவி அதை என்னிடம் சொன்னாள். எனக்கு அன்று ராச்சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான். மூன்று வருஷம் கழித்து என் மகள் என்னைச் சரி என்று சொல்லியிருக்கிறாள், அதுவும் ஒரு கார்டு விஷயத்தில். பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். “தெரியும்னு சொல்லு” என்றேன். என் வாய் அப்படி.

கடைசியாக ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. எங்கெங்கோ கழித்துப் போட்ட சர்வர்களிலிருந்து பிடுங்கிய கார்டுகளைக் கீரைக்கட்டு போல அடுக்கி வைத்திருந்தான். “லைன் இன்னா ஸ்பீடு சார்?” என்றான். சொன்னேன். “ரெண்டு எம்பிக்கா? சைக்கிள் போற சந்துல வுடறதுக்கு லாரி வாங்கறியே சார்!” என்று பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிட்டுச் சிரித்தான். நான் மகள் சொல்லி மனைவி எழுதிய நாட்காட்டித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். போலி நிறைய வருகிறது, ஒட்டிய லேபிளையும் பலகையில் அச்சடித்ததையும் ஒப்பிட வேண்டும். பல்லில் தங்கப் பூச்சு மங்காமல் இருக்க வேண்டும். கார்டு நீளமானது, சாதாரண போர்டில் பின்பாதி வெளியே தொங்கும், பயப்பட வேண்டாம், ஓடும். கடைசி வரியில், மகள் சொன்னதா மனைவியே சேர்த்ததா தெரியவில்லை, ‘வெயிலில் அலையாமல் மோர் குடிக்கவும்’ என்று இருந்தது. நான்காவது கார்டு தேறியது. வாங்கினேன். மோரும் குடித்தேன்.

மகள் அப்போது ஏழாவது மாதம். அதையும் சமையலறையில் இருந்தபடிதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கார்டு வந்த அன்று மனைவி என் எதிரே நின்றாள். “அந்தக் கார்டு போட்டா படம் நிக்காதுன்னீங்க. நீங்களும் வந்து உக்காருங்க. இந்த வாட்டி நான் நடுவுல பேச மாட்டேன்.”

“சனிக்கிழமை காலைல மாத்திடறேன். சாயங்காலம் வர்றேன்னு சொல்லு” என்றேன்.

அதை அவள் போனில் சொல்லியிருக்கிறாள். மகள் அழுதாள் என்று பிற்பாடு தெரிந்தது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு மெஷினைத் திறந்தேன். முந்தின நாளே மென்பொருளில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து வைத்திருந்தேன். பழைய கார்டுகளைப் பிடுங்கினேன். புதியதின் பல்லை, தேவையில்லாவிட்டாலும், ரப்பரால் ஒருமுறை தேய்த்தேன். சொருகினேன். பின்பாதி அவள் சொன்ன மாதிரியே வெளியே தொங்கியது. இரண்டு ஒயரையும் மாட்டினேன். கார்டை இறுக்கும் ஒரு திருகும், மேல் மூடியும்தான் பாக்கி. அந்தத் திருகு கையிலிருந்து நழுவி எங்கோ உருண்டுவிட்டது. குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போது பிரிவிலிருந்து போன். கடல்நீர் வரும் வாயில் கூட்டம் கூட்டமாகச் சொறிமீன், ஜெல்லி மீன் என்பார்களே அது, வந்து அடைத்திருக்கிறது, ஒரு பம்பு உதறுகிறது, ஜீப் கிளம்பிவிட்டது என்றார்கள்.

சட்டையை மாட்டினேன். மெஷின் திறந்து கிடக்கிறது. பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு அட்டையை எடுத்தேன், எழுதினேன், பிளக்கில் கட்டினேன். யோசித்துச் செய்ததில்லை. ஒரு திருகு போடாத மெஷினுக்கு அட்டை எதற்கு என்று இன்றைக்குக் கேட்கத் தெரிகிறது. மனைவியிடம், “மூணு மணிக்குள்ள வந்துடுவேன். தொடாத” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மற்றதை மனைவி சொல்லித்தான் தெரியும். ஒரே தடவைதான் சொன்னாள்.

பதினொன்றரைக்கு மருமகன் போன் செய்திருக்கிறான். திடீரென்று வலி எடுத்துக் குழந்தை பிறந்துவிட்டது, பெண், ரொம்பச் சின்னது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், ஆனால் நன்றாக மூச்சு விடுகிறது என்று. “அத்தை, லேப்டாப்பை உள்ள கொண்டுவர விட்டிருக்காங்க. கேமராவைப் போடுங்க, பாப்பாவைக் காட்டறேன்.”

இவள் ரௌட்டரைப் பார்த்திருக்கிறாள். அட்டை தொங்குகிறது. “மாமா அட்டை கட்டிட்டுப் போயிருக்காருப்பா. மூணு மணிக்கு வந்துடுவாரு.”

“பரவாயில்ல அத்தை. அப்பப் பாத்துக்கலாம்” என்றிருக்கிறான் அவன். அவனுக்கும் தெரியாது. டாக்டர்கள்கூட அப்போது நம்பிக்கையாகத்தான் பேசியிருக்கிறார்கள்.

மனைவி பிரிவுக்குப் போன் செய்தாள். நிலையத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. எழுத்தர் ஒரு சீட்டில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். சனிக்கிழமை, அரை நாள். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் பம்புக் குழிக்குள் இருந்தேன். மேலே சுவிட்சில் என் அட்டை தொங்கியது. அதைத் தொடாமல் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். சொறிமீன் கூழை வாளி வாளியாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று மணி எப்போது தாண்டியது என்று தெரியாது.

நாலு மணிக்கு மறுபடி போன். இந்த முறை மகளே பேசினாள். குழந்தைக்கு மூச்சு திணறுகிறது. “அம்மா, இப்பவே போடும்மா. நீ ஒரு தடவ பாத்துடு.”

“அப்பா அட்டை...”

“பிடுங்கிப் போடும்மா.”

மனைவி போனைக் கீழே வைத்துவிட்டு ரௌட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முடிச்சில் கை வைத்தாள். மூடி இல்லாமல் உள்ளே எல்லாம் தெரிகிறது, ஒரு கார்டு பாதி வெளியே தொங்குகிறது. அவள் கண்ணுக்கு அது பாதியில் விட்ட வேலை. போட்டால் எரிந்துவிடுமோ, வெடிக்குமோ, இவ்வளவு நாள் பார்த்துப் பார்த்து வாங்கியது போய்விடுமோ, சாயங்காலம் அப்பாவும் மகளும் பேசுவது நின்றுவிடுமோ. பிரிவுக்குப் போன் செய்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப வந்து முடிச்சைப் பிடித்தாள். பக்கத்து வீட்டில் பூட்டு. கீழ்வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, கேமரா இல்லை. மறுபடி வந்து முடிச்சைப் பிடித்தாள். “ஸ்டூல்லேர்ந்து நீங்க விழுந்தது அப்படியே கண்ணு முன்னால வந்துச்சுங்க” என்றாள் என்னிடம். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆறு மணிக்கு நான் குழியிலிருந்து ஏறிக் குளித்து, மேசைக்கு வந்து சீட்டைப் பார்த்தேன். ‘வீட்டிலிருந்து போன். பேத்தி பிறந்திருக்கிறாள். அட்டையை அவிழ்க்கலாமா என்று கேட்கிறார்கள்.’ நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். இதைக்கூட என்னைக் கேட்டுச் செய்கிறாளே என்று சிரிப்பு. ஜீப் டிரைவரிடம் சொன்னேன். “தாத்தா ஆய்ட்ட சார் நீ! ஸ்வீட்டு இல்லாம வூட்டாண்ட வுடமாட்டேன்” என்று கடைப் பக்கம் வண்டியைத் திருப்பினான். அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். அவனுக்குக் கால் கிலோ. வழியெல்லாம் மகளிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ‘நீ சொன்ன மாதிரியே பின்பாதி தொங்குது’ என்று ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தேன். அதில் மன்னிப்பும் கேட்ட மாதிரி இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும்.

கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் விளக்குப் போடவில்லை. மனைவி ரௌட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“அஞ்சு மணிக்கே போயிடுச்சுங்க” என்றாள்.

கரண்ட்டைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நொடிதான். பிறகு அவள் முகம் தெரிந்தது.

மைசூர்பாகு டப்பாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டிய முடிச்சை அவிழ்த்தேன். பல தடவை பிடித்துப் பிடித்துச் சணல் ஈரமாக இருந்தது. பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, அவிழ்த்த நேரத்தை எழுதினேன். முப்பது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது.

“எழுதிட்டீங்களா?” என்றாள் மனைவி. கோபமாகக் கேட்கவில்லை. முடிந்ததா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

சுவிட்சைப் போட்டேன். திருகு இல்லை, மூடி இல்லை. மெஷின் எழுந்தது. கார்டின் இரண்டு துளையிலும் பச்சை விளக்கு எரிந்தது. காலை ஒன்பது பத்துக்கே எரிந்திருக்கும்.

மருமகன் முகம் முதலில் வந்தது. நான் அவனை அதற்கு முன் நேராகப் பார்த்ததில்லை. சின்னப் பையன். அவன் லேப்டாப்பைக் கட்டில் பக்கம் திருப்பினான். மகள் சாய்ந்து படுத்திருந்தாள். கன்னம் ஒட்டி, நெற்றியில் முடி ஒட்டி. படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவள் இமைப்பதுகூடத் தெரிந்தது. சொன்னபடியே மனைவி நடுவில் பேசவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

மகள்தான் பேசினாள். “கிளியரா தெரியுதாப்பா?”

“தெரியுதும்மா” என்றேன்.

அதற்கப்புறம் அவர்கள் இரண்டு முறை வந்து போனார்கள். இப்போது அவளும் நானும் நேராகவே பேசிக்கொள்கிறோம், பெரும்பாலும் மெஷின்களைப் பற்றி. அவள் அந்த நாளைப் பற்றி என்னைக் கேட்டதில்லை. கேட்டால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும். குழந்தையின் போட்டோ ஒன்றே ஒன்று இருக்கிறது, மருமகன் எடுத்தது, கண்ணாடியின் மேல் விளக்கு விழுந்து முகம் சரியாகத் தெரியாது. மனைவி அதைப் பூஜை அறையில் வைக்கவில்லை, புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள். பிஸ்கட் டப்பாவில் இருந்த மற்ற அட்டைகளை நான் எரித்துவிட்டேன். ஆனாலும் இன்றுவரை மிக்ஸி ரிப்பேர் என்றால், நான் பக்கத்தில் இல்லாதபோது அவள் அதன் சுவிட்சைத் தொடுவதில்லை.

இந்த ஒரு அட்டையை மட்டும் எரிக்க முடியவில்லை. கட்டிய நேரம் காலை 9.10. அவிழ்த்த நேரம் மாலை 7.05. என் பேத்தி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாள்.